அவர் காட்டிய இடம்

டாக்டரம்மா கேள்வியை அவளிடம்தான் கேட்டார். ஆனால் அவள் வாய் திறப்பதற்கு முன்பே மேசைக்கடியில் கணவருடைய கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. கண் தெரியாத மனிதருக்கு, மனைவியின் மணிக்கட்டு எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்பது மட்டும் அத்துப்படி.

"வீட்ல எதாவது வித்தியாசமா இருந்துச்சாம்மா? கை கால் வெட்டி இழுக்கிறது, கூப்பிட்டா பதில் சொல்லாம அப்படியே உக்காந்திருக்கிறது, அந்த மாதிரி?"

பிடி இறுகியது. கிரேனில் உட்கார்ந்து லீவரைப் பிடித்துப் பழகிய கை. எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு நகரும் என்று அந்தக் கைக்குத் தெரியும். அவள் டாக்டரம்மாவின் சட்டைக் காலரைப் பார்த்தாள். ஒரு பக்கம் தையல் லேசாக இழுத்திருந்தது. கண்ணைப் பார்த்துப் பொய் சொல்ல அவளுக்கு வராது, காலரைப் பார்த்தால் வரும்போலிருந்தது.

"ஒண்ணும் இல்லீங்க டாக்டர். நல்லாத்தான் இருக்காரு."

"ரொம்ப சந்தோஷம். அப்ப இன்னிக்கு மூளைக்குப் போற கரண்டைக் கொஞ்சம் கூட்டிப் பார்ப்போம். புள்ளியெல்லாம் இன்னும் பளிச்சுன்னு தெரியும். அது சரியா வந்துச்சுன்னா சார் நாள் பூரா கண்ணாடிய மாட்டிக்கலாம், தனியா வெளிய போயிட்டு வரலாம்."

கணவர் முகம் மலர்ந்தது. மணிக்கட்டை விட்டுவிட்டு, அதே இடத்தை இரண்டு முறை தட்டிக்கொடுத்தார். கூட்டிப் பார்ப்போம் என்றால் எவ்வளவு கூட்டுவார்கள் என்று கேட்க நினைத்தாள். கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்கள். மென்று முழுங்கினாள்.

அவருக்குக் கண் வெளிப்பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்றுதான் எல்லா டாக்டர்களும் ஆரம்பிப்பார்கள். கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற நரம்புதான் பட்டுப்போயிருந்தது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. மனிதரோ கிரேன் அறையின் சூட்டில் வரும் தலைவலி என்று அதற்கு மாத்திரை போட்டுக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டார். ஒருநாள், கீழே நின்று கை காட்டும் ஆளையே காணோம் என்று மேலிருந்து கத்தினார். அந்த ஆள் காட்டிய கையை இறக்காமல் அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். அன்று இறங்கியவர் மறுபடி கிரேனில் ஏறவில்லை. அதன் பிறகு வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் சரிபார்க்கும் வேலைக்குப் போய்வரும் மனைவியை 'சூப்பர்வைசர்' என்று கூப்பிட ஆரம்பித்தார். தொழிற்சாலையில் அவளுக்கு அந்தப் பதவி கிடையாது. வீட்டில் கேட்காமலே கொடுக்கப்பட்டது.

அப்புறம், கண் தெரியாதவர்களுக்கு மூளை வழியாகப் பார்வை கொடுத்துப் பார்க்கும் இந்த ஆராய்ச்சி வந்தது. வலது பின்மண்டையைத் திறந்து உள்ளே சிறிய தகடு ஒன்றை வைத்தார்கள். மூக்குக்கண்ணாடியின் நடுவில் ஒரு கேமரா, காதுக்குப் பின்னால் ஒரு கம்பி, இடுப்பில் ஒரு பெட்டி. அந்தப் பெட்டியைக் கவனித்துக்கொள்ளும் என்ஜினீயருக்கு நடு வயது, காதோரம் நரை, எதையும் அவசரப்படாமல் சொல்லும் சுபாவம். இவர் அவருக்குப் 'பெட்டி' என்றே பேர் வைத்துவிட்டார். அவரும் அதற்குத் திரும்பிப் பார்ப்பார்.

"கண்ணு படம் எல்லாம் அனுப்புறது இல்ல அண்ணே," என்று பெட்டிக்காரர் முதல் நாளே விளக்கினார். "பின்மண்டையில ஒரு மேப் விரிஞ்சிருக்கு. வெளிய இடது பக்கம் இருக்கிறது உள்ள வலது பக்கம் பதியும். மேல இருக்கிறது கீழ பதியும். அந்த மேப்ல ஒரு இடத்த லேசா சுண்டினா, வெளிய அதுக்குண்டான இடத்துல ஒரு புள்ளி வெளிச்சம் தெரியும். சுண்டினது கண்ணா கம்பியான்னு மூளை பாக்காது. அந்த இடம் துடிச்சா அதுக்கு வெளிச்சம்தான்."

"அப்ப என் மண்டைக்குள்ள எல்லாமே தலைகீழாத்தான் இருக்கா? இவ இத்தனை வருஷமா சொல்றது சரிதான்."

அவளும் சிரித்தாள். அன்றைக்கு எல்லாருக்கும் சிரிப்பு சுலபமாக வந்தது.

கறுப்புத் துணியில் ஊசியால் குத்தி விளக்குக்கு எதிரே பிடித்தால் எப்படி இருக்கும், அப்படித்தான் அவருக்குத் தெரிந்தது என்று அவள் புரிந்துகொண்டாள். அறுபது எழுபது புள்ளிகள், அதுவும் பார்வையின் இடப்பாதியில் மட்டும். முகம் தெரியாது, நிறம் தெரியாது. தலையை மெல்லத் திருப்பித் துழாவினால் கதவுக்கும் சுவருக்கும் வித்தியாசம் தெரியும், ஆள் நின்றால் தெரியும், கை தூக்கினால் தெரியும். கை தெரிகிறது என்றதும் அவர் விட்டாரா. கிரேனுக்குக் கீழே நின்று காட்டும் சைகை அத்தனையையும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். வேலை விட்டு வந்து களைப்போடு நிற்பவளை, கூடத்தின் நடுவில் நிறுத்திவைத்து, 'காட்டு' என்பார். அவள் காட்டுவாள். "தூக்கு," என்பார். "இறக்கு. வலது பக்கம் திருப்பு." சரியாகச் சொல்லும் ஒவ்வொரு முறையும் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி ஆகிவிடுவார்கள். அந்த நாட்கள் நல்ல நாட்கள். அவள் அதை மனசாரச் சொல்வாள்.

கெடுதல் ஒரு விடுமுறை மத்தியானத்தில் வந்தது. அவள் குளியலறை வாசலில் குனிந்து துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். அவர் நாற்காலியில் இருந்தார், கண்ணாடி இல்லாமல், கம்பி இல்லாமல். பெட்டி சமையலறை மேடையில் சார்ஜில் கிடந்தது, அதன் சிவப்பு விளக்கு அவளுக்கு நேரே தெரிந்தது.

"ஏ சூப்பர்வைசர், பீரோகிட்ட நின்னுக்கிட்டு என்ன பண்ற?"

அவள் பீரோவைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. அவர் விரல் அந்த இடத்தை நேராகக் காட்டியது. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி, பல வருஷத்துக்குப் பிறகு சொந்த வீட்டுக்குள் நுழைந்த மாதிரி. இல்லீங்க, நான் இங்க இருக்கேன் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, வெறுங்காலோடு சத்தமில்லாமல் நடந்துபோய், அவர் விரல் காட்டிய இடத்தில் நின்றாள்.

"துணி எடுத்து வைக்கிறேங்க," என்றாள் அங்கிருந்து.

"கையத் தூக்கி வச்சிருக்க. 'நிறுத்து'ன்னு காட்டுற."

அவள் கையைத் தூக்கினாள். "ஆமாங்க. சரியாச் சொன்னீங்க."

"பெட்டிய மாட்டல," என்றார் அவர் குரலைத் தாழ்த்தி. "புரியுதா உனக்கு? பெட்டியே இல்லாம. மண்டை தானாக் கத்துக்கிச்சு."

அதுதான் அவள் செய்த காரியம். வேறு யாராக இருந்தாலும் செய்திருக்க மாட்டார்கள். அவ்வளவு பிரியம் வேறு யாருக்கும் அவர்மேல் இல்லை. ஒருநாள் நகர்ந்து நின்றவள், மறுநாளும் நகர்ந்தாள். காய் நறுக்கும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஓடினாள், தலை வாரிக்கொண்டிருந்தால் சீப்போடு ஓடினாள். அவர் கண்டுபிடித்தபடி இருந்தார், அவள் கண்டுபிடிக்கப்பட்டபடி இருந்தாள். ஒருவேளை நிஜமாகவே மூளை கற்றுக்கொள்கிறதோ என்று அவளும் நம்பிப் பார்த்தாள். நம்பாமல் இருக்க மனசு வரவில்லை.

ஆனால் சரிபார்ப்பதுதான் அவள் பிழைப்பு. பத்துச் சட்டையில் ஒரே இடத்தில் ஒரே மாதிரி தையல் விட்டிருந்தால், தைத்தவளைத் திட்ட மாட்டார்கள், மெஷினைப் பிரிப்பார்கள். அவர் எங்கே உட்கார்ந்திருந்தாலும், எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும், விரல் போவது ஒரே இடத்துக்குத்தான். அவருக்கு இடது பக்கம், அவர் தோளுக்குச் சற்றுக் கீழே. நாற்காலியைத் திருப்பிப் போட்டால் அவள் பீரோவுக்குப் பதில் ஜன்னலுக்கு ஓட வேண்டியிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அதைக் கவனித்த பிறகு மற்றதெல்லாம் கண்ணில் பட ஆரம்பித்தது. அவள் 'தெரிகிற' நேரத்தில் அவருடைய இடது கட்டைவிரல் தானாகத் துடித்தது. சில சமயம் உதடு. ஒருமுறை பேசிக்கொண்டே இருந்தவர் பாதி வார்த்தையில் நின்று, அப்படியே வெறித்து, அப்புறம் வேறு எதையோ பேச ஆரம்பித்தார்.

கடைசியாக மாடிப்படி. யாருக்கும் சொல்லாமல், பெட்டியும் மாட்டாமல், வெளிச்சம் வந்ததென்று தனியாக இறங்கியிருக்கிறார். இல்லாத படியில் கால் வைத்திருக்கிறார். அவள் வேலை விட்டு வந்தபோது முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து ரத்தம் காய்ந்திருந்தது. கட்டில் இடிச்சிருச்சு என்றார், ரத்தச் சொட்டோ மாடிப்படியில் கிடந்தது. காது குத்துவதற்கும் ஓர் அளவு உண்டு.

"டாக்டர்கிட்டச் சொல்லிருவோங்க."

"வாயத் திறந்தா பிடுங்கிருவாங்க." அவர் குரல் உயரவில்லை. "பெட்டி, கண்ணாடி, எல்லாத்தையும். மறுபடி அந்த இருட்டுல என்னால உக்கார முடியாது. உன்னால முடியும்னா நீ உக்காரு."

அவளுக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் ஒன்றாக அடக்கிக்கொண்டு காயத்துக்கு மருந்து போட்டாள்.

இப்போது டாக்டரம்மாவின் அறையிலிருந்து பரிசோதனை அறைக்கு நடந்துகொண்டிருந்தார்கள். அவர் கை அவள் தோளில் இருந்தது. தாழ்வாரத்தின் கோடி வரை ஒரே மருந்து வாடை.

"கெட்டிக்காரி," என்றார் அவள் காதருகே.

அந்த வார்த்தைதான் அவளைச் சுட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

பரிசோதனை அறையில் பெட்டிக்காரர் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, தலை முழுவதும் கம்பிகள் தொங்கும் தொப்பியை மாட்டினார். மூளையில் ஓடும் அலைகளைத் திரையில் கோடு கோடாகக் காட்டும் தொப்பி. ஒட்டும் பசை தீர்ந்துவிட்டது என்று பெட்டிக்காரர் வெளியே போக, கர்ச்சீப்பை டாக்டரம்மா அறையில் வைத்துவிட்டேன் என்று ஏதோ சாக்கு சொல்லிவிட்டு அவளும் பின்னாலேயே போனாள். அலமாரியைத் திறந்து தேடிக்கொண்டிருந்தவரின் முதுகைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"பெட்டி அணைஞ்சிருக்கும்போது வெளிச்சம் தெரியுமாங்க?"

அவர் கை அலமாரிக்குள்ளேயே நின்றது. "யாருக்கு?"

"சும்மாத்தான் கேட்டேன்."

"சும்மா கேக்கிற கேள்வி இல்லீங்களே அது." அவர் திரும்பினார். அவசரப்படாத மனிதருடைய முகத்தில் முதல்முறையாக ஓர் அவசரம் தெரிந்தது. "அண்ணனுக்குத் தெரியுதா? மாட்டாமலே?"

தலையாட்டினாள். அதற்குப் பிறகு எல்லாம் அவள் கையை விட்டுப் போய்விட்டது. டாக்டரம்மா தாழ்வாரத்துக்கே வந்துவிட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்து அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவர் திட்டவில்லை. கட்டைவிரலைப் பற்றிக் கேட்டார், உதட்டைப் பற்றிக் கேட்டார், படியைப் பற்றி அவளே சொன்னாள்.

"இது பார்வை இல்லம்மா. தகடு இருக்கிற இடம் தானாப் பொறி தட்டுது. வலிப்போட ஆரம்பம். இன்னிக்குக் கரண்டைக் கூட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நெனச்சா எனக்கே பதறுது."

"எடுத்துருவீங்களா?"

"இப்பவே அதச் சொல்ல முடியாது. மருந்துல அடங்குதான்னு பாக்கணும். அடங்கலன்னா எடுக்கத்தான் வேணும். முதல்ல தொப்பியில பதிவு வேணும், எங்கிருந்து கிளம்புதுன்னு தெரியணும்." கொஞ்சம் நிறுத்தி, "அவருகிட்ட இது நிஜம் இல்லன்னு நீங்க சொல்லிப் பாக்கலையா?" என்றார்.

"எப்படிங்க சொல்றது? அவரு கை காட்டின இடத்துக்கெல்லாம் நான்தானே போயி நின்னேன்."

பெட்டிக்காரர் கையிலிருந்த பசைக் குழாயின் மூடியைத் திறந்தார், மூடினார்.

"எப்பவும் பண்ற பரிசோதனைதான் பண்ணப் போறோம்," என்றார் டாக்டரம்மா கடைசியில். "பெட்டி சில தடவ ஓடும், சில தடவ ஓடாது. எப்ப எதுன்னு சொல்ல மாட்டோம்னு சாருக்கே தெரியும். நீங்க செருப்பக் கழட்டிட்டு ஒரு இடத்துல நிக்கணும், அவரு காட்டணும். வலிப்பை அடக்குற ஊசி மருந்து தயாரா என் கையில இருக்கும். ஒண்ணே ஒண்ணும்மா. அவரு எங்க காட்டினாலும் இந்தத் தடவ போயி நிக்காதீங்க."

அறைக்குள் ஏசி இரைந்துகொண்டிருந்தது. நாற்காலி நடுவில். அதற்கு இடது பக்கம் ஜன்னல், வலது பக்கம் கதவு. அவர் தொப்பியும் கண்ணாடியுமாக, மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கர்ச்சீப் கிடைச்சுதா என்று கேட்டார். கிடைச்சுதுங்க என்றாள். ஒரு நாளில் எத்தனை பொய்.

முதலில் பெட்டி ஓடியது. அவள் எதிர்ச் சுவரோரம் போய் நின்றாள். அவர் தலையை மெல்லத் திருப்பித் துழாவினார், தலை அவளைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்து நின்றது. விரல் அவளை நேராகக் காட்டியது. அவள் வலது கையை உயர்த்தி மணிக்கட்டைச் சுழற்றினாள்.

"தூக்கு," என்றார்.

சரி. இது நிஜம். அந்த மண்டைக்குள், கம்பியின் புண்ணியத்தில், அவள் உண்மையாகவே அறுபது புள்ளியாக நிற்கிறாள். இதைத்தான் அவள் இன்றைக்குக் காட்டிக்கொடுத்துவிட்டாள். இன்னொரு முறை இடம் மாறினாள், அதையும் சரியாகக் காட்டினார். "சரிண்ணே," என்றார் பெட்டிக்காரர். சொல்லிக்கொண்டே பொத்தானை அழுத்தினார். எந்தச் சத்தமும் இல்லாமல் பெட்டி அணைந்தது. டாக்டரம்மா கண்ணால் கதவைக் காட்டினார். அவள் போய்க் கதவில் முதுகு படாமல் நின்றாள்.

அவர் தலை இப்படியும் அப்படியும் திரும்பியது. அவளைக் கடந்து போனது, நிற்கவில்லை.

"ம்ஹூம். ஒண்ணும் வரல. அணைச்சுட்டியா பெட்டி?"

"அதச் சொல்லக் கூடாதேண்ணே."

இருட்டு என்கிறார். நல்லதுதான். ஒருவேளை எல்லாம் தன்னுடைய பயம்தானோ, களைத்துப்போன மூளையில் வந்து போகும் ஏதோ ஒன்றோ, கொஞ்சம் மருந்தில் சரியாகிவிடுமோ என்று அவள் நினைத்துக்கொண்டாள். இப்படியே முடிந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். திரையில் கோடுகள் சாதுவாக ஓடிக்கொண்டிருந்தன. ஏசி ஒருமுறை நின்று மறுபடி இரைந்தது.

அவர் இடது கட்டைவிரல் துடித்தது.

திரையின் கீழ்ப்பகுதியில் இரண்டு கோடுகள் மட்டும் நெருக்கமாக மடிந்து மடிந்து போக ஆரம்பித்தன, ஓரம் அடிக்கிற தையல் மாதிரி. பெட்டிக்காரர் டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா ஊசியின் மூடியைக் கழற்றினார்.

"வந்துட்டா," என்றார் அவள் கணவர்.

அவர் கை எழுந்தது. இடது பக்கம், தோளுக்குச் சற்றுக் கீழே, ஜன்னலை நோக்கி.

"நீ அணைச்சாலும் சரி, அணைக்காட்டியும் சரி பெட்டி. இப்ப பாத்துக்க. ஜன்னல்கிட்ட நிக்கிறா." பெருமை தாங்கவில்லை அவருக்கு. பல வாரமாக ஒளித்துவைத்திருந்ததை அவரே போட்டு உடைத்துவிட்டார். "நான் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். பெட்டியே வேணாம் எனக்கு. நீயே இவகிட்டக் கேளு, ஒரு தடவ தப்பாக் காட்டியிருக்கேனான்னு."

ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே ஆறேழு எட்டு வைத்தால் போதும். காலில் செருப்பு இல்லை. ஏசியின் இரைச்சலில் யாருக்கும் கேட்காது. அவள் பாதம் தரையிலிருந்து எழுந்தேவிட்டது. டாக்டரம்மா நாற்காலியின் பக்கத்தில் மண்டியிட்டு, அவர் முழங்கையின் மேல் பஞ்சை வைத்தபடியே, அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வேண்டாம். அவள் பாதத்தை இருந்த இடத்திலேயே வைத்தாள். வாழ்க்கையில் அவ்வளவு கனமான காலை அவள் தூக்கியதும் இல்லை, வைத்ததும் இல்லை.

"காலைலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்க," என்றார் அவர் ஜன்னலிடம். குரல் அப்படிக் கனிந்திருந்தது. வெளியாட்கள் முன்னால் அவர் அவளிடம் அந்தக் குரலில் பேசியதே கிடையாது. "கால் வலிக்கும். அந்த ஸ்டூல்ல உக்காரேன்."

ஜன்னலோரம் ஸ்டூல் எதுவும் இல்லை.

பேசச் சொல்லி டாக்டரம்மா உதட்டசைத்தார். அவள் பேசினால் குரல் வலது பக்கத்திலிருந்து வரும். ஒரே ஒரு வார்த்தை போதும், அத்தனை மத்தியானங்களும், பீரோவும், சீப்பும், தூக்கிய கையும் பொய்யாகிவிடும். பேசாவிட்டால் இன்னொரு மாடிப்படி இருக்கிறது. அதற்குப் பிறகு தெரு இருக்கிறது.

"நான் இங்க இருக்கேங்க," என்றாள். "கதவுகிட்ட. வந்ததுலேர்ந்து இங்கதான் நிக்கிறேன்."

அவர் முகம் குரல் வந்த பக்கம் திரும்பவில்லை. ஊசி இறங்கியதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. நெற்றி மட்டும் சுருங்கியது.

"அன்னிக்கு பீரோகிட்ட?"

"இல்லீங்க. நீங்க காட்டினப்புறம்தான் வந்து நின்னேன்."

"எல்லா நாளுமா?"

"எல்லா நாளும்."

திரையில் அந்த இரண்டு கோடுகளும் இன்னும் மடிந்துகொண்டிருந்தன, கொஞ்சம் தளர்வாக. பெட்டிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். கணவர் கோபப்படுவார் என்று அவள் காத்திருந்தாள். கோபப்பட்டால் தேவலை, ஓடிப்போய்க் காலைப் பிடித்துக்கொள்ளலாம். அவரோ நீட்டிய கையை மடக்காமல், வீட்டுக்கு வந்தவரிடம் விசாரிப்பதுபோல மெதுவாகக் கேட்டார்.

"அப்ப இங்க நிக்கிறது யாரு?"

அவளும் ஜன்னலைப் பார்த்தாள். திரைச்சீலை ஒரு பக்கமாக ஒதுக்கிக் கிடந்தது, வெளியே வண்டிகள் நிறுத்தும் இடம் காலியாகத் தெரிந்தது. அவர் விரல் மெல்ல நகர ஆரம்பித்தது. ஜன்னலிலிருந்து சுவருக்கு, சுவரிலிருந்து மூலைக்கு, நடந்து போகும் ஒருத்தியை விடாமல் காட்டிக்கொண்டிருந்தது.